ஆண்டு முழுவதும் துருவக் கடலில் ஓடும் கனரக ஐஸ்பிரேக்கர்: வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்கட்டியைத் தாங்கும் கப்பலும் ஐஸ்பிரேக்கரும் ஒன்றுதானா?

இல்லை. ஐஸ் கிளாஸ் (பனிக்கடலில் ஓடத் தகுதி தரும் வகைச் சான்று) உள்ள சரக்குக் கப்பல் அடி வாங்கினாலும் உடையாத அளவுக்குக் கட்டப்பட்டது. ஐஸ்பிரேக்கர் தானே போய் அடிப்பதற்காகக் கட்டப்பட்டது. முதல் வகைக்குத் தடித்த தகடு கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டாவது வகைக்குத் தகட்டோடு உடல் வடிவம், உந்துவிசை, குளிர்நீர் ஏற்பாடு எல்லாம் மாற வேண்டும்.

'கனரகம்' என்பதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. நடைமுறையில் சுமார் 1.8 மீட்டர் சமதளப் பனிக்கட்டியை 3 நாட் (மணிக்கு சுமார் 5.5 கிமீ) வேகத்தில் நிற்காமல் உடைத்துச் செல்லும் கப்பலை அப்படிச் சொல்கிறோம். 1976இல் சேவைக்கு வந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் போலார் ஸ்டார் இதற்கு நல்ல அளவுகோல். 122 மீட்டர் நீளம். நிற்காமல் உடைப்பது 1.8 மீட்டர், பின்வாங்கி வந்து மோதி மோதி உடைப்பது 6.4 மீட்டர் வரை.

'ஆண்டு முழுவதும்' என்று சேர்த்தால் மட்டும் விலை ஏன் இப்படி ஏறுகிறது?

கோடையில் பார்க்கும் கடலும் மார்ச்சில் பார்க்கும் கடலும் வேறு வேறு என்பதால்தான். பனிக்கட்டியின் தடிமனை மதிப்பிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. காற்றின் வெப்பநிலை கடல்நீரின் உறைநிலைக்குக் கீழே தினமும் எத்தனை டிகிரி இருந்தது என்று குளிர்காலம் முழுக்கக் கூட்டுங்கள். அந்த எண்ணை 0.58 அடுக்குக்கு உயர்த்தி 1.33ஆல் பெருக்கினால் தடிமன் சென்டிமீட்டரில் வரும். கூட்டுத்தொகை 4,000 என்றால் சுமார் 163 செமீ, 6,000 என்றால் சுமார் 206 செமீ. இது ஒரே ஒரு குளிர்காலத்தில் வளர்ந்த சமதளப் பனிக்கட்டிக்கு மட்டும்தான். காற்றும் நீரோட்டமும் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி உண்டாக்கும் மேடுகள் (ரிட்ஜ்) தனிக் கணக்கு. அவற்றின் அடிப்பகுதி நீருக்குள் பத்து இருபது மீட்டர்கூட இறங்கியிருக்கும்.

அடுத்தது பழைய பனிக்கட்டி. புதிய கடல்பனிக்குள் உப்புநீர்ப் பைகள் நிறைய இருப்பதால் அது பலவீனமானது. ஒரு கோடையைத் தாண்டினால் அந்த உப்புநீர் வடிந்துவிடும். உப்புநீர்க் கன அளவு 5 சதவீதம் இருக்கும்போது வளைவு வலிமை (வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு) சுமார் 0.47 மெகாபாஸ்கல், 1 சதவீதமாகக் குறைந்தால் கிட்டத்தட்ட 0.98. தடிமன் அதே, வலிமை இரட்டிப்பு. வானிலை அறிக்கையில் தடிமனை மட்டும் பார்த்துக் கப்பல் வடிவமைப்பவர்கள் இங்கேதான் கவிழ்கிறார்கள்.

எந்த போலார் கிளாஸ் கேட்க வேண்டும்?

கப்பல்களைத் தரம் பிரித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு, போலார் கிளாஸில் (சுருக்கமாக பிசி) பிசி 1 முதல் பிசி 7 வரை ஏழு வகை வைத்திருக்கிறது. எண் குறையக் குறையக் கப்பல் வலுவானது. பிசி 1 எல்லாத் துருவ நீரிலும் ஆண்டு முழுவதும் ஓடலாம். பிசி 2 மிதமான பல்லாண்டுப் பனிக்கட்டியில் ஆண்டு முழுவதும். பிசி 3 இரண்டாம் ஆண்டுப் பனிக்கட்டியில். நடுவே பல்லாண்டுத் துண்டுகள் கிடந்தாலும் சரி. பிசி 4 தடித்த முதலாண்டு, பிசி 5 நடுத்தர முதலாண்டு. இந்த ஐந்தும் 'ஆண்டு முழுவதும்' வகைதான். பிசி 6, 7 கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் மட்டும்.

பெரும்பாலோருக்கு பிசி 2 போதும். பிசி 1 கேட்பது காகிதத்தில் கம்பீரமாக இருக்கும். ஆனால் கூடுதல் எஃகு எடை எரிபொருள் கொள்ளளவைத் தின்றுவிடும். ஆராய்ச்சியே முதன்மை என்றால் பிசி 3இல் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். சீனாவின் ஷுவே லோங் 2, ஆஸ்திரேலியாவின் நுயினா இரண்டும் அப்படித்தான்.

கிளாஸ் எண் வலிமையைச் சொல்கிறது, திறனைச் சொல்வதில்லை. பிசி 2 தகடு போட்ட கப்பல் பவர் போதாமல் ஒன்றரை மீட்டரிலேயே நின்றுபோகலாம். ஒப்பந்தத்தில் 'எத்தனை மீட்டர், எந்த வளைவு வலிமை, மேலே எத்தனை செமீ வெண்பனி, எத்தனை நாட்' என்று நான்கு எண்ணையும் எழுதிவிட வேண்டும். வெண்பனியை விட்டுவிட்டு எழுதிய ஒப்பந்தம் சோதனை ஓட்டத்தில் சண்டையில்தான் முடியும்.

கப்பலின் மூக்கு ஏன் கத்தி மாதிரி இல்லாமல் கரண்டி மாதிரி இருக்கிறது?

கூரையில் போடும் நாட்டு ஓட்டைக் கையால் நசுக்க முடியாது. விளிம்பு வெளியே நீட்டியிருக்கும்போது அதில் கால் வைத்தால் பட்டென்று உடையும். பனிக்கட்டியும் அப்படித்தான். அழுத்தி நொறுக்க வேண்டுமானால் பல மெகாபாஸ்கல் தேவை. வளைத்து உடைக்க அரை மெகாபாஸ்கல் போதும். ஆகவே அணியம் (நம் கடலோர மக்கள் கப்பலின் முன்பகுதிக்குச் சொல்லும் பெயர்) பனிக்கட்டியின் மேல் ஏறி, தன் எடையால் அதைக் கீழே வளைத்து உடைக்க வேண்டும். நீர்க்கோட்டில் முன்முனையின் சாய்வு கிடைமட்டத்திலிருந்து 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது வழக்கம்.

சாய்வை இன்னும் குறைத்தால் உடைப்பது எளிது. ஆனால் திறந்த கடலில் அலை வந்து அந்தத் தட்டையான அடியில் அறையும். மோதி உடைக்கும்போது கப்பல் மேலேறி அங்கேயே உட்கார்ந்துவிடும் அபாயமும் உண்டு. அதைத் தடுக்க அடியில், சற்றுப் பின்தள்ளி, செங்குத்தான ஒரு நிறுத்துக்கட்டை வைப்பார்கள். இந்த அடிப்படை வடிவம் புதிதல்ல. அட்மிரல் மகாரோவின் யோசனையில் உருவாகி 1899இல் வேலைக்கு வந்த யெர்மாக் கப்பலிலேயே அதன் வேர் இருக்கிறது.

உடைத்த பனிக்கட்டி எங்கே போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உடைப்பது எளிய பாதி. உடைத்த துண்டுகளை அப்புறப்படுத்துவதுதான் கடினமான பாதி.

கப்பலுக்கு வரும் பனி எதிர்ப்பு மூன்று பங்கு: முன்முனையில் நொறுக்குவது, வளைத்து உடைப்பது, உடைந்த துண்டைப் புரட்டி நீருக்குள் அமுக்கி அடிப்பகுதி நெடுக உரசிக்கொண்டே போவது. குறைந்த வேகத்தில் இந்த மூன்றாவதுதான் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் மிதக்கப் பார்க்கும்; கப்பலின் அடியைக் கீழிருந்து தள்ளும்; அந்த அழுத்தத்தோடு உரசும். புதிதாகப் பூசிய வழுக்கும் எபாக்சியில் உராய்வுக் கெழு சுமார் 0.05. துருப்பிடித்துச் சொரசொரத்த தகட்டில் அது 0.15க்கும் மேலே போய்விடும். இரண்டு பருவம் பெயின்ட்டைக் கவனிக்காமல் விட்ட கப்பல் 'இன்ஜின் பலவீனமாகிவிட்டது' என்று புகாரோடு வரும். இன்ஜினில் ஒன்றும் இருக்காது.

எனவே உடல் வடிவம் துண்டுகளைப் பக்கவாட்டில், உடையாத பனிக்கட்டியின் அடிக்குத் தள்ள வேண்டும். சரியாகச் செய்தால் கப்பலுக்குப் பின்னால் கால்வாய் ஓரளவு துப்புரவாக இருக்கும். தவறினால் துண்டுகள் அடிநடுவே வழுக்கி அமரத்துக்கு (கப்பலின் பின்பகுதி) வந்து நேராகப் புரொபெல்லருக்குள் நுழையும். மாதிரிச் சோதனையில் நீருக்கடிக் கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எதிர்ப்பு எண்ணைப் பிறகு பார்க்கலாம்.

துணை ஏற்பாடுகளும் உண்டு. நீர்க்கோட்டுக்குக் கீழே துளைகள் வழியாகக் காற்றுக் குமிழி விடுவது ஒன்று. ஸ்வீடனின் ஓடன் கப்பலில் உள்ளதுபோல அணியத்திலிருந்து பனிக்கட்டியின் மேல் நீரைப் பாய்ச்சுவது இன்னொன்று. வெண்பனி நனைந்தால் உராய்வு குறையும். அணியத்தைக் கப்பலின் நடு உடலைவிடச் சற்று அகலமாக வைத்தால் பக்கங்கள் உரசாது, திரும்புவதும் எளிது.

எவ்வளவு பவர் தேவை?

முதலில் தேவைப்படுவது இழுவிசை. பவர் அதற்குப் பிறகு. ஆரம்ப மதிப்பீட்டுக்கு ஒரு கைக்கணக்கு: மொத்த பவரை கிலோவாட்டிலும் புரொபெல்லர் விட்டத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கி, மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்துங்கள். மூன்று புரொபெல்லர் என்றால் 1.12ஆல் பெருக்குங்கள். நின்ற இடத்து இழுவிசை கிலோநியூட்டனில் வரும். 45 மெகாவாட், 6 மீட்டர் விட்டம் என்று போட்டால் சுமார் 4,680 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 477 டன். 30 மெகாவாட்டுக்கு 364 டன்.

அதாவது ஒன்றரை மடங்கு பவருக்கு 31 சதவீத இழுவிசைதான் கூடுகிறது. பவரை ஏற்றுவதற்கு முன் விட்டத்தை ஏற்ற முடியுமா, அகலத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். எதிர்ப்பு ஏறத்தாழ அகலத்தோடு நேராகக் கூடும். ஆனால் பின்னால் வரும் டேங்கரின் அகலம் உங்கள் அகலத்தைத் தீர்மானித்துவிடும். ரஷ்யாவின் 22220 திட்ட அணுசக்தி ஐஸ்பிரேக்கர்கள் 34 மீட்டர் அகலம் கொண்டதற்கும், கட்டப்பட்டுவரும் அடுத்த பெரிய வகையான 10510 சுமார் 47 மீட்டருக்கும் 120 மெகாவாட்டுக்கும் போனதற்கும் அகலமான சரக்குக் கப்பல்களுக்கு வழிவிட வேண்டிய தேவைதான் காரணம்.

டீசல் இன்ஜினை நேரடியாக ஷாஃப்டில் (புரொபெல்லரைச் சுழற்றும் தண்டு) கோத்தால் ஆகாதா?

சிறிய கப்பலில் ஆகும். கனரகத்தில் புரொபெல்லர் ஒரு பனித்துண்டைக் கடிக்கும்போது சுழற்சி சட்டென்று சரியும். டீசல் இன்ஜினுக்கு வேகம் குறைந்தால் முறுக்குவிசையும் குறையும், அப்படியே அணைந்துபோகலாம். மின் மோட்டாருக்கு நின்ற நிலையிலும் முழு முறுக்குவிசை உண்டு. துண்டை அரைத்துத் தள்ளிவிட்டு மீண்டும் வேகம் பிடிக்கும். முன்னும் பின்னுமாக ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை திசை மாற்றவும் மின்சாரமே தோது. போலார் ஸ்டாரில் டீசல் மின் ஏற்பாடு 18,000 குதிரைத் திறன். கடும் பனிக்கட்டிக்கு மட்டும் மூன்று கேஸ் டர்பைன்கள், 75,000 குதிரைத் திறன் வரை. டர்பைன் எரிபொருளைக் குடிக்கும் வேகம் பெரிது என்பதால் புதிய வடிவமைப்புகள் அந்தப் பாதையை விட்டுவிட்டன.

அஸிபாடா, ஷாஃப்டா?

கப்பலுக்கு அடியில் முழுவட்டம் சுழலும், மோட்டாரும் புரொபெல்லரும் சேர்ந்த அஸிபாட் கூடுகளால் (சுருக்கமாக பாட்) அமரத்தை எந்தப் பக்கமும் தள்ள முடியும். பின்னோக்கி ஓடும்போது அவற்றின் நீரோட்டமே ரிட்ஜைக் கரைத்துத் தின்னும். ஷுவே லோங் 2 ஒன்றரை மீட்டர் பனிக்கட்டியை முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் உடைப்பது இதனால்தான். குறை என்னவென்றால், மோட்டாரும் பேரிங்கும் சீலும் (நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) உடலுக்கு வெளியே தொங்குகின்றன. பழுது பார்க்கப் பெரும்பாலும் உலர் துறைக்குப் போக வேண்டும். துருவத்திலிருந்து அது பல வாரப் பயணம்.

பல்லாண்டுப் பனிக்கட்டியில் மோதி உடைப்பதே முதன்மை வேலை என்றால், நடுவில் ஒரு ஷாஃப்ட், இரு பக்கமும் பாட் என்ற கலப்பு ஏற்பாட்டைத்தான் பரிந்துரைப்போம். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் புதிய கனரக ஐஸ்பிரேக்கர் திட்டமான போலார் செக்யூரிட்டி கட்டர் இந்த வழியில் போகிறது. 22220 வகையோ பாட் பக்கமே போகாமல் 20 மெகாவாட் ஷாஃப்ட் மூன்றோடு நின்றுகொண்டது.

ஷாஃப்ட் என்றால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் அண்டார்டிக்காவில் போலார் ஸ்டாரின் ஷாஃப்ட் சீல் கசிந்து நிமிடத்துக்கு சுமார் 75 லிட்டர் கடல்நீர் உள்ளே வந்தது. ஷாஃப்ட் சீலை உள்ளிருந்தே, மிதந்தபடியே மாற்றும் வசதியை வரைபட நிலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

புரொபெல்லர் உடைந்தால்?

உடைய வேண்டியது இலைதான். மற்றது எதுவும் உடையக் கூடாது. இலை வளைந்து முறியும் விசையைத் தாங்கும்படி ஹப் (இலைகள் பொருந்தும் மையப் பகுதி), அதைவிட வலுவாக ஷாஃப்ட், அதைவிட வலுவாக பேரிங் என்று வரிசையாகக் கணக்கிடுவார்கள். பலர் தவறு செய்வது எங்கே என்றால், 'பாதுகாப்புக்காக' இலையை மட்டும் கூடுதலாகத் தடிக்கச் செய்வதில். அப்போது சங்கிலியின் பலவீனக் கண்ணி ஷாஃப்டுக்கு நகர்ந்துவிடும். இலைகள் துருப்பிடிக்காத எஃகில், போல்ட் போட்டு மாட்டும் வகையாக இருந்தால் நல்லது. உதிரி இலைகளைக் கப்பலிலேயே வைத்திருக்கலாம்.

தகடு எவ்வளவு தடிமன்? என்ன எஃகு?

போலார் ஸ்டாரின் அணியத்தில் சுமார் 44 மிமீ. ஆனால் தடிமன் மட்டுமே காப்பாற்றாது. தகட்டுக்குப் பின்னால் விலா எலும்பு போல நிற்கும் ஃப்ரேம்களின் இடைவெளி சாதாரணக் கப்பலில் 60 முதல் 80 செமீ. இங்கே சுமார் 40 செமீ. ஃப்ரேம் நெருக்கமாக இருந்தால் தகட்டைக் குறைக்கலாம். ஆனால் வெல்டர் உள்ளே கை நுழைக்க இடம் வேண்டும். கை நுழையாத மூலையில் வெல்டிங் அரைகுறையாக நிற்கும். விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

குளிரில் எஃகு கண்ணாடி போல நொறுங்கும் குணத்தைப் பெறும். நீர்க்கோட்டுக்கு மேலே, காற்றில் நிற்கும் பகுதிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நீருக்குள் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போகாது. ஈஎச் 36 எஃகு மைனஸ் 40 டிகிரியில் மோதல் சோதனை செய்யப்பட்டது. எஃப்எச் வகை மைனஸ் 60இல்.

தேய்மானத்துக்கும் தடிமன் கூட்ட வேண்டும். பிசி 1 முதல் 3 வரை, அணியப் பனிப் பட்டையில் நல்ல பூச்சு இருந்தால் 3.5 மிமீ, இல்லாவிட்டால் 7 மிமீ. சில கப்பல்களில் அந்தப் பட்டைக்குத் துருப்பிடிக்காத எஃகு ஒட்டிய இருபடைத் தகடு போடுகிறார்கள். விலை அதிகம்தான், ஆனால் உராய்வும் குறைகிறது. அப்படிப் போட்டால் பக்கத்துச் சாதாரண எஃகு மின்வேதி அரிப்பில் கரையாமல் இருக்க கேத்தோடிக் பாதுகாப்பு கட்டாயம்.

இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறி நிற்பது ஏன்?

சீ செஸ்டைத் திறந்து பாருங்கள். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளிழுக்கும் பெட்டி அது. நொறுங்கிய பனிக்கட்டி கூழாகி, கரும்புச் சக்கை போலச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். பம்ப் வெற்றிடத்தை இழுக்கும், நீர் ஓட்டம் அறும், சில நிமிடங்களில் அலாரம் அடிக்கும். சுற்றிலும் உறைநிலை நீர் இருக்க, குளிர்நீர் இல்லாமல் கப்பல் இருளில் மூழ்குவது இத்துறையின் பழைய வேடிக்கை.

மருந்து மூன்று. ஒன்று, கொள்ளளவு: ஒவ்வொரு 750 கிலோவாட்டுக்கும் 1 கன மீட்டர் என்பது விதி. மொத்தம் 54 மெகாவாட் நிறுவினால் 72 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஆறு. பெட்டி பெரிதாக இருந்தால் நீர் நிதானமாக நகரும். பனிக்கூழ் மேலே மிதக்கும். கீழிருந்து தெளிந்த நீரை உறிஞ்சலாம். இரண்டு, இடம்: நடுக்கோட்டை ஒட்டி, முடிந்தவரை பின்னால். மூன்று, இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான நீரின் ஒரு பகுதியை மீண்டும் பெட்டிக்கே திருப்பும் குழாய். இந்தக் குழாயைச் சிறுத்துப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கும் கட்டுமானத் தளங்கள் உண்டு. முழுக் கொள்ளளவில் போடுங்கள். சல்லடையின் திறந்த பரப்பு உறிஞ்சு குழாயின் குறுக்குப் பரப்பைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும். பெட்டிகள் இரண்டாவது வேண்டும். ஒன்றைத் திறந்து சுரண்டும்போது மற்றது ஓடும்.

நடுவில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

காற்று பனிக்கட்டியை ஒன்றுசேர்த்து அழுத்தினால் எந்தக் கப்பலும் சிக்கும். இரு பக்கத் தொட்டிகளுக்கிடையே நூற்றுக்கணக்கான டன் நீரை வேகமாக மாற்றிக் கப்பலை இடமும் வலமும் ஆட்டுவதுதான் முதல் உத்தி. பக்கங்களில் ஒட்டிய பிடி விடும். பக்கச் சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருந்தால் பனிக்கட்டி நசுக்காமல் கீழே வழுக்கும். இது தவிர, பொறுமை. 2013 டிசம்பரில் அண்டார்டிக்காவில் அகாடெமிக் ஷோகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பல் சிக்கியது. மீட்கப் போன சீனாவின் பழைய ஷுவே லோங் ஹெலிகாப்டரில் 52 பயணிகளை ஏற்றிவிட்டுத் தானும் சிக்கியது. போலார் ஸ்டார் வந்து சேரும் முன்பே காற்று திசை மாறி, ஜனவரி 7இல் இரண்டும் தாமாக வெளியே வந்தன.

திறந்த கடலில் இவ்வளவு உருள்கிறதே, சரிசெய்ய முடியாதா?

ஓரளவுதான். வட்ட அடி, பக்கத் துடுப்புத் தகடுகள் இல்லாத உடல். வைத்தாலும் பனிக்கட்டி பிய்த்துவிடும். உருளலைத் தணிக்கும் நீர்த்தொட்டிகள் உதவும். மற்றபடி கடல் குமட்டலுக்கு மாத்திரை.

குளிருக்கென்று தனியாக என்ன பார்க்க வேண்டும்?

துருவ நீரில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான போலார் கோட் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓடப்போகும் பகுதியின் தினசரிக் குறைந்தபட்ச வெப்பநிலைச் சராசரியில் மிகக் கீழான மதிப்பை எடுத்து, அதற்கும் 10 டிகிரி கீழே எல்லாக் கருவியும் இயங்க வேண்டும். மைனஸ் 40 என்றால் மைனஸ் 50க்கு வாங்குங்கள். கிரேன் ஹைட்ராலிக் எண்ணெய், ரப்பர் சீல், உயிர்காப்புப் படகின் பேட்டரி ஆகியவைதான் முதலில் காலைவாரும். மீட்புக்கு எதிர்பார்க்கும் காலம் ஐந்து நாளுக்குக் குறையக் கூடாது என்பதும் கோடின் விதி.

மேல்தளத்தில் சேரும் பனிக்கு சதுர மீட்டருக்கு 30 கிலோ என்று நிலைத்தன்மைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2,000 சதுர மீட்டருக்கு 60 டன், அதுவும் உயரத்தில்.

இன்ஜின் காற்றை மறந்துவிடுகிறார்கள். மைனஸ் 40 காற்று, 25 டிகிரிக் காற்றைவிட 28 சதவீதம் அடர்த்தி கூடியது. அதை அப்படியே உள்ளே விட்டால் சிலிண்டர் அழுத்தம் எல்லை மீறும். தனிக் குழாயில் கொண்டுவந்து முன்கூட்டிச் சூடாக்குங்கள். இன்ஜின் ரூமிலிருந்து இழுத்தால் அங்குள்ள குழாய்கள் உறையும்.

அணுசக்தியா, டீசலா?

எரிபொருள் கணக்கே பதில் சொல்லும். 45 மெகாவாட் முழு வீச்சில் ஓடினால், கிலோவாட் மணிக்கு 200 கிராம் என்று வைத்தால்கூட, நாளுக்கு 216 டன். பாதிச் சுமையில் 108 டன். 4,000 டன் எடுத்துச் சென்றாலும் 37 நாள்தான். 2020இல் சேவைக்கு வந்த ரஷ்யாவின் ஆர்க்டிகாவில் தலா 175 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட இரண்டு ரிட்ம் 200 அணு உலைகள். எரிபொருள் மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அதற்கான துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள், கழிவு ஏற்பாடு எல்லாம் ரஷ்யாவிடம் 1959இன் லெனின் கப்பல் முதல் இருக்கின்றன. அது இல்லாத நாட்டுக்கு டீசல் மின்சாரமே வழி. கன எரிபொருள் எண்ணெயை நம்ப வேண்டாம். அண்டார்டிக்காவில் 2011 முதல் தடை. ஆர்க்டிக்கில் 2024 ஜூலை முதல் தடை, சில விலக்குகள் 2029 வரை.

மாதிரித் தொட்டியில் என்ன சோதிக்கிறார்கள்?

1:25 அளவு மாதிரி என்றால் 1.8 மீட்டர் பனிக்கட்டி 72 மிமீ ஆகும், 3 நாட் வேகம் விநாடிக்கு 0.31 மீட்டர் ஆகும். வலிமையும் 25இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 500 கிலோபாஸ்கலுக்குப் பதில் 20. சாதாரணப் பனிக்கட்டி இதற்கு மிகக் கெட்டி. ஆகவே எத்தனால் போன்றவற்றைக் கலந்த நீரை உறைய வைத்து, வேண்டுமென்றே பலவீனமான பனிக்கட்டி வளர்க்கிறார்கள். ஹெல்சிங்கி, ஹாம்பர்க், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரங்களில் இத்தகைய தொட்டிகள் உள்ளன. சமதளத்தோடு நிறுத்தாமல் ரிட்ஜ், பின்னோட்டம், திரும்பும் வட்டம் மூன்றையும் கேளுங்கள்.

இந்தியாவுக்கு இப்படி ஒன்று தேவையா?

மைத்ரி, பாரதி நிலையங்களுக்குச் சரக்கு போவது அண்டார்டிக் கோடையில், வாடகைக்கு எடுத்த ஐஸ் கிளாஸ் கப்பல்களில். அந்த வேலைக்கு பிசி 2 அதிகப்படி. ஆராய்ச்சியும் சரக்கும் சேர்ந்து செய்ய பிசி 3 முதல் 5க்குள் ஒரு கப்பல் பொருத்தம்.

காலக்கெடு ஏன் எப்போதும் தள்ளிப்போகிறது?

வரைபடம் முடியும் முன்பே எஃகை வெட்டத் தொடங்குவதால். போலார் செக்யூரிட்டி கட்டருக்கு 2019 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆனது, முதல் கப்பல் 2024இல் என்றார்கள். இப்போது 2030ஐ ஒட்டிப் பேசுகிறார்கள். அமெரிக்கத் தளங்கள் 1970களுக்குப் பிறகு இவ்வகைக் கனரகக் கப்பலைக் கட்டியிருக்கவில்லை. தடித்த தகட்டை இரட்டை வளைவில் மடிக்கவும், முன்சூடேற்றி வெல்டிங் செய்யவும் கைதேர்ந்தவர்கள் ஒரே நாளில் கிடைப்பதில்லை. அணியத்தின் ஒரு முழு அளவுத் துண்டை முதலில் கட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, அறுத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கும் தளத்துக்கு ஒப்பந்தத்தைக் கொடுங்கள். அந்தத் துண்டுக்கான செலவை விலைப்புள்ளியிலேயே தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.